இடைப்பட்ட பன்னிரண்டு மைல்

ஒரு டீ கிளாஸ் பெஞ்சிலிருந்து நழுவித் தரையைத் தொட எவ்வளவு நேரமாகும் என்று நாற்பது பேர் உட்கார்ந்து வாதம் செய்துகொண்டிருந்தார்கள். நாற்பது பேர். தவசிலிங்கம் முன்வரிசை நாற்காலியில், மடியில் கிடந்த சால்வைமேல் இரண்டு கையையும் ஊன்றியபடி, கழுத்தைத் திருப்பி இன்னொருமுறை எண்ணிப் பார்த்தார். எல்லாம் போய்விட்டது, இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. கூட்டம் என்று ஒன்றைக் கண்டுவிட்டால் கண் தானாக எண்ணத் தொடங்கிவிடும். உளவுப்பிரிவுப் போலீஸ்காரன் நோட்டில் நூறு என்று எழுதுவதற்குள் நூற்று எழுபது என்று தோழர்களிடம் சொல்லி முடித்துவிடுகிற கண் அது. அந்தக் கண்ணுக்கு இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில், கல்யாண மண்டபத்து மாடியில், நேற்றைய விருந்தின் சாம்பார் வாசம் போகாத சாப்பாட்டுக் கூடத்தில், நாற்பது பேர். எல்லாரும் முப்பதுக்கு மேல், அறுபதுக்குக் கீழ். வேலையும் வீடும் கடனும் உள்ளவர்கள். சிவகாசியில் எட்டு மணி நேர வேலைக்காக ஒரு தெருமுனைக் கூட்டம் போட்டால் இவர்களில் ஒருவன் வருவானா? வரமாட்டான். பழைய படக்கதை நாயகன் நொடிமாறன் எவ்வளவு வேகம் என்று கேட்டால் திருச்சியிலிருந்தும் வருகிறான், நாகர்கோவிலிலிருந்தும் வருகிறான், காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வருகிறான். திரையாகக் கட்டியிருந்த வேட்டியில் படம் விழுந்தது. மங்கிய ஆரஞ்சும் நீலமும், நிறம் கோட்டைவிட்டு விலகிய அச்சு. பதினான்காம் இதழ், இருபத்தொன்றாம் பக்கம். முதல் கட்டத்தில் சிவகாசி டீக்கடை, நொடிமாறனின் முழங்கை பட்டு கிளாஸ் சரிகிறது. இரண்டாம் கட்டத்தில் கன்னியாகுமரிக் கலங்கரை விளக்கம், நொடிமாறன் வில்லனின் துப்பாக்கியைப் பிடுங்குகிறான். மூன்றாம் கட்டத்தில் மறுபடி டீக்கடை, கிளாஸ் தரைக்கு ஒரு சாண் மேலே அவன் கையில். “பெஞ்சு உயரம் ரெண்டரை அடி. விழுற நேரம் ஒரு நொடியில அஞ்சுல ரெண்டு பங்கு. போகவர முந்நூறு கிலோமீட்டர். அப்ப நொடிக்கு எழுநூத்தம்பது கிலோமீட்டர்,” என்றார் மருந்துக்கடை வைத்திருக்கும் செல்வசேகர், சொந்தமாக ஓடிவிட்டு வந்தவர்போல மூச்சு வாங்க. “ஒரு சாண் மேலயே பிடிச்சுட்டான்லா, அதக் கழிக்கலியே,” என்றது பின்வரிசை. “துப்பாக்கியப் பிடுங்குற நேரத்த யாரு கூட்டுவா?” என்றது இன்னொரு குரல். “நடுவுல டோல்கேட்டு வேற இருக்குவே,” என்றான் ஒருவன், கூடமே சிரித்தது.

அந்தப் பக்கத்தை எழுதிய கை இதோ சால்வைமேல் இருக்கிறது. ஒருநாள் மத்தியானம், வயிற்றில் ஒன்றுமில்லாமல், அரைமணி நேரத்தில் எழுதிய பக்கம். பெஞ்சு உயரமும் தெரியாது, கன்னியாகுமரி தூரமும் தெரியாது. கிளாஸ் ஏன் விழுந்தது? படம் வரைகிற ஞானதுரைக்கு டீ கிளாஸ் நன்றாக வரும், அதனால் விழுந்தது. ஞானதுரை இப்போது மேசைமேல் மாலை போட்ட போட்டோவாக இருக்கிறான், கொடுத்துவைத்தவன், இந்தக் கணக்கையெல்லாம் கேட்கவேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த ராஜகணபதி, வங்கியில் வேலை பார்க்கும் இந்த ரசிகர் மன்றக்காரர், வீட்டு வாசலில் வந்து நின்று, ஐயா, உங்களைத் தேடி ஆறு வருஷமா அலையுறோம் என்றபோது நெஞ்சு என்னமாய் அடித்தது! வந்துவிட்டான், கடைசியில் ஒருத்தன் வந்துவிட்டான், தன் தலைமையில் அச்சகத்தில் நடந்த நாற்பத்திரண்டு நாள் வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கேட்க வந்துவிட்டான் என்று உள்ளே ஓடி, டிரங்குப் பெட்டியைத் திறந்து, பூச்சி அரித்த துண்டறிக்கைக் கட்டை வேட்டி நுனியால் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். எட்டுப் பக்கம், நாலு பக்கம், ஒற்றைத் தாள். ஒவ்வொன்றும் இவர் எழுதி, இவரே எழுத்துக் கோத்து, இவரே பசை வாளியோடு சுவரில் ஒட்டியது. பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு முடிந்தது. மிச்சம் அத்தனையும் இப்படிப்பட்ட எட்டுப் பக்கங்களில் படித்தது. உழைப்பு என்றால் என்ன, உபரி என்றால் என்ன, அரசு யாருடையது, எல்லாம் மலிவுத் தாளில், இரண்டு கம்பி அடித்த எட்டுப் பக்கம். ராஜகணபதி மேல் தாளை மரியாதைக்குப் புரட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்கதான ஐயா, சுடர்?” என்றார். சுடர்! பொம்மைக் கதை எழுத வெட்கப்பட்டு வைத்துக்கொண்ட பெயர். தவசிலிங்கம் என்ற பெயரில் முந்நூறு அறிக்கை இருக்கிறது, ஒன்றையும் எவனும் வைத்திருக்கவில்லை. சுடர் என்ற பெயரில் இருபத்தாறு இதழ், ஒன்று விடாமல் வைத்திருக்கிறார்கள், பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கக்கூடாது. சொன்னார். ஆறு வருஷமாக ஒருத்தரும் ஐயா என்று கூப்பிடவில்லை, அதனால் சொன்னார்.

நாற்பது. மறுபடி எண்ணினால் அதே நாற்பதுதான் வருகிறது, ஏனென்றால் கண் ஒரு நாற்காலியைத் தாண்டிப் போகிறது. தாண்டுகிறது என்று தெரிந்தேதான் தாண்டுகிறது. தன் நாற்காலிக்கு இடப்பக்கம், ஒன்று காலி, அதற்கடுத்தது. அங்கே வெள்ளைச் சேலையில் ஒரு கிழவி உட்கார்ந்து, அழைப்பிதழை மடித்து, மடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி நீவிக்கொண்டிருக்கிறாள். கட்டைவிரல் நகம் கரண்டிமாதிரி தட்டையாகிப்போன விரல். வரும்போதே ராஜகணபதி சொன்னார், “இவங்க சீனியம்மாள், ஐயா. நம்ம இதழ் பூராவும் இவங்க வீட்டுலதான் மடிச்சது. ஒவ்வொரு இதழ்லயும் ஒரு கழிவுத் தாள எடுத்து வச்சிருக்காங்க. இவங்க இல்லேன்னா நமக்குப் பதினேழாம் நம்பர் கெடையாது. ஐயாவத் தெரியுமாம்மா?” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “தெரியும்,” என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு ஒரு மணி நேரமாக இந்தப் பக்கம் திரும்பவில்லை. தெரியும். என்ன தெரியும்? தாள் மூட்டையை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போய், பிள்ளைகளைத் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு, நொடிமாறன் மறைவதையும் தோன்றுவதையும் ஆயிரக்கணக்கில் மடித்தவளுக்கு, அதை எழுதியவன் யார் என்று அப்போதே தெரியுமா, இன்றுதான் தெரிந்ததா? அவளை வீட்டில் உட்கார்ந்து மடிக்கவைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அது இவருக்கும் தெரியும். இந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இந்த மண்டபம் நிற்கிற மண்ணுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். வேலைநிறுத்தம் நடந்த அந்த அச்சகத்தை மூடி, இயந்திரத்தை எடைக்குப் போட்டு, அதே இடத்தில்தான் கல்யாண மண்டபம் கட்டினார்கள். கீழே வாழைமரம் கட்டியிருக்கிற அந்த வாசல்தான் அன்றைக்கு அச்சகத்து வாசல். லாரிக்கு முன்னால் இவர் படுத்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள்.

“ஒத்துக்கவே மாட்டேன்,” என்று எழுந்தான் ஹபீப், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவன், கையில் மார்க்கர். “வேகம்னா என்ன? தூரத்தக் கடக்குறது. அவன் எங்கயா கடக்குறான்? இங்க இல்ல, அங்க இருக்கான். நடுவுல வள்ளியூரு இருக்கு, நாங்குநேரி இருக்கு, ஒரு ஊருலயாவது எவனாவது அவனப் பாத்தானா? நடுவுல இல்லாதவனுக்கு ஏதுய்யா வேகம்?” செல்வசேகர் விடுவதாக இல்லை. “அப்ப மூணாவது இதழ்ல அவன் வந்து சேரும்போது சட்டையில தூசி இருக்கே? கடக்காதவன் சட்டையில தூசி எப்பிடி வரும்?” தூசி. தவசிலிங்கத்தின் கை சால்வையை இறுக்கியது. யார் தூசி எழுதினது? ஞானதுரை தானாகப் போட்டிருப்பான். இல்லை, எழுதியது இவர்தான், ‘புழுதி படிந்த சட்டையுடன் தோன்றுகிறான்’ என்று எழுதிய வரி ஞாபகம் இருக்கிறது. ஏன் எழுதினோம்? நடுவில் எவனாவது பார்த்தானா என்று கேட்கிறான் இந்தப் பையன். பார்த்தார்கள் தம்பி. ஒருத்தி பார்த்தாள். சாத்தூர்ப் பயணியர் விடுதி வாசலில் நின்றது ஞாபகம் வருகிறது, முப்பத்தொன்பதாம் நாள், சித்திரை வெயில், பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது, மணி ஐந்தேகால். சரக்கு ஏற்றிய லாரி ஐந்தே முக்காலுக்குப் போலீஸ் காவலோடு வெளியே போகப்போகிறது என்று விடுதிக் காவலாளி காதில் சொன்னான். லாரி போனால் வேலைநிறுத்தம் போயிற்று. சிவகாசியில் அச்சக வாசலில் முந்நூறு பேர், தலைமை இல்லாமல், கல்லெடுத்தால் துப்பாக்கிச் சூடு, கல்லெடுக்காவிட்டால் தோல்வி. பஸ் இல்லை. கையில் சைக்கிளும் இல்லை. பன்னிரண்டு மைல். அப்போது அந்த வெள்ளை அம்பாசடர் பக்கத்தில் வந்து நின்றது, பின்கதவு திறந்தது, முதலாளி உள்ளே தள்ளி உட்கார்ந்து, “ஏறுங்க தம்பி. நானும் அங்கதான் போறேன். வெயில்ல நிக்காதீங்க, சண்டைய அங்க போயிப் போட்டுக்குவோம்” என்றார்.

ஏறினார். ஏறியது தப்பில்லை, இதை நாற்பத்துநாலு வருஷமாகத் தனக்குத்தானே வாதாடி, நீதிபதியும் தானே ஆகித் தீர்ப்பும் எழுதியாயிற்று, ஏறியது தப்பில்லை. எதிரியின் வண்டியில் எதிரியின் பெட்ரோலில் எதிரியைத் தோற்கடிக்கப் போனான் ஒருவன், அதில் என்ன தப்பு, எட்டுப் பக்கத்தில் எழுதினால் ஊரே கைதட்டும். ஆனால் காராச்சேவு? சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலம் சீட்டில் இருந்தது, முதலாளி பிரித்து நடுவில் வைத்தார், எடுத்துக்குங்க என்று சொல்லக்கூட இல்லை. காலையிலிருந்து வெறும் வயிறு. பூண்டும் மிளகும் கலந்த அந்த வாசம் இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. கை போயிற்று. ஒன்று, இரண்டு, பிறகு கை நிறைய. பன்னிரண்டு மைலும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரே பொட்டலத்தில் கைவிட்டுத் தின்றுகொண்டு வந்தார்கள். வாசலுக்கு அரைமைல் முன்னால், ஓடைப் பாலத்துக்கிட்ட, “இங்கயே எறங்கிக்கிறேன்” என்றார். முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பு! புரிந்துகொண்ட சிரிப்பு. இறங்கி, வாயைத் துண்டால் துடைத்து, குனிந்து ஒரு கை புழுதியை அள்ளிச் சட்டையில் தடவிக்கொண்டார். ஆமாம், தடவிக்கொண்டார், அங்கேதான் இருக்கிறது அந்தத் தூசி, மூன்றாம் இதழில் வந்து விழுந்த தூசி அதுதான். நிமிர்ந்தால் பாலத்தடியில், மறியலில் உட்கார்ந்தவர்களுக்குத் தண்ணீர் எடுக்க வந்த சீனியம்மாள், மடிப்புப் பிரிவு, இடுப்பில் குடத்தோடு, வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

இவர் குறுக்கே படுத்ததில் லாரி திரும்பிப் போயிற்று. மூன்று நாளில் கையெழுத்தாயிற்று. ஜெயித்தோம், அதை யாரும் மறுக்கமுடியாது. அடுத்த ஞாயிறு சங்கப் பொதுக்குழுவில் எவனோ ஒருவன், ஐந்தேகாலுக்குச் சாத்தூரில் இருந்தவர் எப்படி லாரிக்கு முன்னால் வந்து சேர்ந்தார் என்று வியந்து கேட்டபோது, சிமெண்டு லாரியில் வந்தேன் என்றார். ஒரு வார்த்தை. ஏன்? காரில் வந்தேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாலு பேர் முனகியிருப்பார்கள். அந்த நாலு பேருக்குப் பயந்தா? இல்லை. வாயில் காராச்சேவு ருசி இருந்தது, அதற்குப் பயந்து. அப்போது சீனியம்மாள் எழுந்தாள். குற்றம் சொல்ல எழவில்லை, அதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது, பெருமையோடு எழுந்தாள். “லாரி இல்ல, காரு! மொதலாளி கார்லயே வந்து பாலத்துக்கிட்ட எறங்குனீகளே, நாம் பாத்தேம்லா! மொதலாளியவே நமக்குக் காரோட்டியா ஆக்கிட்டாரு நம்ம செயலாளரு!” என்று கையைத் தட்டினாள். ஒருத்தரும் தட்டவில்லை. முந்நூறு முகமும் இந்தப் பக்கம் திரும்பியது. அந்த நேரத்தில் எங்கிருந்தோ வந்தது அந்தச் சொல். யோசித்து வரவில்லை, நாக்கில் பழகிய சொல், ஒவ்வொரு அறிக்கையிலும் கொட்டை எழுத்தில் கோத்த சொல். “கருங்காலி!” விரலை நீட்டி, மேடை அதிர, “முதலாளி ஏவிவிட்ட கருங்காலி இவள்!” எவ்வளவு வேகம் அது? கிளாஸ் விழுவதைவிட வேகம். அவள் கையைத் தட்டிய மேனிக்கே நின்றாள், இரண்டு உள்ளங்கையும் ஒட்டியபடி. உறுப்பினர் அட்டையைப் பிடுங்கினார்கள். வேலைநிறுத்தம் செய்தவள் என்று முதலாளிமாரும் சேர்க்கவில்லை, கருங்காலி என்று சங்கமும் சேர்க்கவில்லை. இரண்டு வருஷத்தில் சங்கம் உடைந்து இவரையும் வெளியே தள்ளியது. ஒரு வாசலிலும் வேலை இல்லை, பொம்மைக் கதை எழுதுகிறாயா என்று ஓர் அச்சக மேஸ்திரி கேட்டான். உட்கார்ந்து பேனாவைத் திறந்ததும் வந்து நின்றவன் நொடிமாறன். காரே தேவைப்படாதவன். இங்கே மறைந்து அங்கே தோன்றுகிறவன். எந்தப் பாலத்திலும் இறங்காதவன். முதல் இதழில் நடுவழி என்று ஒரு பக்கம் எழுதித்தான் இருந்தார். இருட்டில் அவன் போகிறான், வழியெல்லாம் முகங்கள், ஒரு முகம் குடத்தோடு. மேஸ்திரி பார்த்துவிட்டு, “ஒரு தாள மடிச்சா பதினாறு பக்கம், ரெண்டு தாளு முப்பத்திரெண்டு. முப்பத்துமூணாம் பக்கம்னு ஒலகத்துல ஒண்ணு கெடையாதுய்யா. போறது, வாறது போதும், நடுவுல உள்ளத வெட்டு” என்றான். வெட்டினார். எவ்வளவு நிம்மதியாக இருந்தது வெட்டும்போது.

“ஐயாவே சொல்லிடட்டும்!” ராஜகணபதி கையைப் பிடித்து எழுப்பினார். மைக் கையில் வந்ததும் உடம்பு தானாக நிமிர்ந்தது, தொண்டைக்குள் அந்தப் பழைய குரல் புரண்டு படுத்தது. நாற்பது முகம், நாற்பதும் இவர் வாயைப் பார்க்கிறது. ஒளியைவிட வேகம் தோழர்களே என்று சொன்னால் போதும், கூடம் இடிந்து விழும், சால்வை மேல் சால்வை விழும். “ஒரே கேள்விதான் ஐயா,” என்றான் ஹபீப். “நடுவுல உள்ள தூரத்த நொடிமாறன் கடக்குறானா, கடக்கலையா?” இடப்பக்கம் கட்டைவிரல் அழைப்பிதழை நீவிக்கொண்டிருந்தது. நீவியது, நீவியது, நின்றது. அவள் திரும்பவில்லை, விரல் மட்டும் நின்றது. “கடக்குறான்,” என்றார் தவசிலிங்கம். குரல் மேடைக் குரலாக வரவில்லை, வீட்டில் தண்ணீர் கேட்கிற குரலாக வந்தது. “பன்னெண்டு மைல். வெள்ளை அம்பாசடர்ல வந்தான். இருபத்திரெண்டு நிமிஷம்.” கூடம் வெடித்துச் சிரித்தது. செல்வசேகர் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “ஏசி உண்டுமா ஐயா?” என்றது பின்வரிசை. “இல்ல. காராச்சேவு உண்டு,” என்றார், உண்மையைத்தான் சொன்னார், இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். வாழ்க்கை முழுக்க மேடையில் பொய் கலந்து பேசியபோதெல்லாம் கண்கலங்கக் கேட்டார்கள். முதல்முறையாகக் கலப்பில்லாமல் சொல்கிறார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இப்படியே உட்கார்ந்துவிடலாம். சொன்னதாகவும் ஆயிற்று, சொல்லாததாகவும் ஆயிற்று, நல்ல வழி, பழகிய வழி. உட்காரக் குனிந்தார்.

“எங்க எறங்குனீக, செயலாளரே?”

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் செயலாளரே என்று யாரும் கூப்பிட்டு நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது, அந்தச் சொல் சிரிப்பை வகிர்ந்துகொண்டு வந்தது. அவள் இப்போது திரும்பி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் கோபம் இருந்தால் தாங்கியிருக்கலாம். கூலி வாங்குகிற வரிசையில் நிற்கிறவள் மாதிரி, வரவேண்டியது வருமா வராதா என்று மட்டும் பார்க்கிற பார்வை. “பாலத்துக்கிட்ட,” என்றார். “யாரு பாத்தா?” மைக் உதட்டில் பட்டுக் கரகரத்தது. நாக்கு தன் பழக்கத்தில் ஏதோ ஒரு சொல்லைத் தேடித் துழாவியது, கொட்டை எழுத்துச் சொல் ஒன்று, ஒன்றும் கிடைக்கவில்லை. “சீனியம்மா பாத்தா,” என்றார். “மடிப்புப் பிரிவு சீனியம்மா. அவ சொன்னது நெசம். நாஞ் சொன்னதுதான் பொய்யி. அவ கருங்காலி இல்ல. கார்ல வந்தவன் நானு.” சிரிப்பு ஓரங்களில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் உதிர்ந்தது. என்ன நடந்தது என்று ஒருவருக்கும் புரியவில்லை, எந்த இதழில் வருகிறது இந்தக் காட்சி என்று ராஜகணபதி மனதுக்குள் தேடுவது முகத்தில் தெரிந்தது. கீழே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். நாற்பத்தொன்று என்றது கண், கேட்காமலே.

சீனியம்மாள் அழைப்பிதழைப் பிரித்து, மறுபடி மடிப்பைப் பொருத்தி, விரலால் ஒரே இழுப்பாக இழுத்தாள். தவசிலிங்கத்திடம் சரி என்றும் சொல்லவில்லை, போகட்டும் என்றும் சொல்லவில்லை. மார்க்கரோடு நின்ற ஹபீபைப் பார்த்து, “தம்பி, வேகந்தான ஒங்களுக்கு வேணும்? எழுதிக்கிடுங்க,” என்றாள். “பாலத்துல இருந்து இந்த எடம் அரமைலு. வந்து சேர நாப்பத்துநாலு வருசம் ஆயிருக்கு.”

ஹபீப், என்ன ஏதென்று தெரியாவிட்டாலும், பெரியவர்கள் சொன்னதற்கு மரியாதையாகப் பலகையில் எழுதினான். மேலே அரை மைல், கீழே நாற்பத்துநாலு ஆண்டு, நடுவில் ஒரு கோடு. எழுதிவிட்டு, வகுத்துப் பார்க்கலாமா என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான்.